கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு டெஸ்க்டாப்: ஐ5 செட்டா, ரைசன் செட்டா?

"ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணித் தரணும்" என்று நண்பர் கேட்டால், பட்ஜெட் எவ்வளவு என்றுதான் எல்லாரும் திருப்பிக் கேட்கிறோம். கேட்பவர் ஸ்டுடியோ வைத்திருப்பவர் என்றால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கேமரா என்ன மாடல்? அதில் எந்த ஃபார்மட்டில் பதிவு செய்கிறார்? பாதி பாகங்களை அந்தப் பதிலே தேர்ந்தெடுத்துவிடும்.

சேலத்தில் அம்மாபேட்டையிலோ அஸ்தம்பட்டியிலோ இருக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். முகூர்த்த சீசனில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள். ஒவ்வொன்றுக்கும் முழுநீள வீடியோ, நாலைந்து நிமிட ஹைலைட், 12×36 அங்குல ஆல்பம். இந்த வேலைக்குக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை செட் சொல்கிறார்கள்.

முதல் செட்டில் இன்டெல் கோர் ஐ5-14400, டிடிஆர்4 ரேம் போடும் பி760 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் இரண்டு. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. இரண்டாவது செட்டில் ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5-6000 ரேம் 16 ஜிபி இரண்டு, அதோடு ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி கார்டு. இரண்டாவதன் விலை கணிசமாகக் கூடும், முக்கியக் காரணம் கார்டு. ரூபாய்க் கணக்கை இங்கே எழுதிப் பயனில்லை. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிய பிறகு, போன மாதக் கொட்டேஷனை நம்பி யாரும் கடைக்குப் போவதில்லை. எல்லாக் கடையிலும் ஒரே நாளில் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

கேமரா ஃபைல் என்ன சொல்கிறது

நண்பரிடம் சோனி ஏ7 III இருந்தால் விஷயம் எளிது. அது உள்ளே பதிவு செய்வது 8 பிட் (நிற நுணுக்கம்), 4:2:0 (நிறத் தகவலின் அளவு), எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை). எந்த கிராபிக்ஸ் சிப்பும் இந்தச் சுருக்கத்தை வன்பொருளிலேயே பிரித்துக் (டீகோட் செய்து) காட்டிவிடும். இரண்டு செட்டிலும் டைம்லைன் சறுக்காமல் ஓடும்.

ஏ7 IV அல்லது கேனான் ஆர்6 என்றால் கதை மாறுகிறது. லாக் (பிறகு நிறம் திருத்துவதற்கென்றே மங்கலாகப் பதிவாகும் முறை) வைத்து எடுப்பவர்கள் பெரும்பாலும் நிறத் தகவல் கூடுதலான 10 பிட் 4:2:2-வில் எடுக்கிறார்கள். எச்.265 என்ற புதிய சுருக்க முறையில் வரும் 4:2:2 ஃபைலை இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் உள்கட்டமைப்பு கிராபிக்ஸே வன்பொருளில் பிரிக்கிறது. ஐ5-14400-க்குள் இருக்கும் யூஎச்டி 730-க்கும் அந்தத் திறன் உண்டு. ரைசன் 7600-க்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கு அது இல்லை. என்விடியாவில் 30, 40 வரிசைக் கார்டுகளுக்கும் இல்லை, 50 வரிசையில்தான் வந்தது. அதனால் ரைசனோடு பழைய ஆர்டிஎக்ஸ் 3060 போட்டுக் கொடுத்தால், கார்டே இல்லாத ஐ5 செட்டை விட டைம்லைன் அதிகமாகத் திக்கும். "கார்டு போட்டும் ஏன் தட்டுது?" என்று வரும் புகார்களில் பல இந்த வகைதான்.

இன்னொரு கண்ணியும் உண்டு. அதே ஏ7 IV-இல் எக்ஸ்ஏவிசி எஸ் ஃபார்மட்டைத் தேர்ந்தெடுத்து 10 பிட் 4:2:2 எடுத்தால் அது எச்.264-இல் பதிவாகும். இதை இன்டெல்லின் யூஎச்டி 730-ஆல் பிரிக்க முடியாது. பாரம் முழுக்க பிராசசர் தலையில் விழும். 50 வரிசைக் கார்டு இதையும் பிரிக்கும். அந்தக் கார்டு இல்லாதவர் கேமராவில் எச்.265-இல் பதிவு செய்யும் எக்ஸ்ஏவிசி எச்எஸ்-க்கு மாறினால் போதும், ஒரு பைசா செலவில்லை. மாற விருப்பமில்லை என்றால் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டுமான லேசான நகல் ஃபைல்) செய்துதான் எடிட் பண்ண வேண்டும்.

நண்பருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அண்மையில் எடுத்த ஒரு ஃபைலை வாங்கி மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்தால் எச்.264-ஆ எச்.265-ஆ, 8 பிட்டா 10 பிட்டா, 4:2:0-வா 4:2:2-வா என்று எல்லாம் தெரியும்.

ஐ5 வாங்கும்போது பெயர்க் கடைசியில் 'எஃப்' எழுத்து இல்லாததாகப் பார்க்க வேண்டும். 14400எஃப் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. இந்த வேலைக்கு ஐ5 எடுப்பதே அந்த கிராபிக்ஸுக்காகத்தான். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஐ5-14500 இன்னும் நல்லது. அதன் யூஎச்டி 770-இல் வீடியோ பிரிக்கும் என்ஜின் இரண்டு, 730-இல் ஒன்றுதான். இரண்டு மூன்று கேமராவை ஒரே டைம்லைனில் போட்டு மல்டிகேம் செய்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

ஆல்பம் பக்கம்

12×36 அங்குலத் தாளை 300 டிபிஐ-யில் திறந்தால் 10,800×3,600 பிக்சல். 8 பிட்டில் ஒரு முழு லேயருக்கே ஏறக்குறைய 117 எம்பி. இருபது லேயர் என்றால் 2 ஜிபியைத் தாண்டும். ஃபோட்டோஷாப், லைட்ரூம், பிரீமியர், பாட்டுக்கு பிரவுசர் என்று எல்லாம் திறந்திருக்கும் ஸ்டுடியோவில் 16 ஜிபி ரேம் மூச்சு வாங்கும். இரண்டு செட்டிலும் 32 ஜிபி என்று போட்டதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் பக்கத்தில் ரைசன் செட் தெளிவாக முந்துகிறது, அதுவும் கார்டால்தான். லைட்ரூமின் ஏஐ டீநாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் வசதி) முழுக்க கிராபிக்ஸ் சிப்பை நம்பியது. மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் உயர்ந்த ஐஎஸ்ஓவில் எடுத்த படத்துக்கு ஆர்டிஎக்ஸ் கார்டு விநாடிக் கணக்கில் முடிப்பதை யூஎச்டி 730 நிமிடக் கணக்கில் இழுக்கும். இருநூறு படத்துக்கு ஓட விட்டால் ஒரு ராத்திரி போய்விடும். நண்பர் இந்த வசதியைத் தொடுவதே இல்லை என்றால் இந்த வாதம் அடிபடும்.

ரேமும் நாளைக்கான வழியும்

ஐ5 செட்டுக்கு டிடிஆர்4 போர்டு சொன்னதற்குக் காரணம், நண்பரின் பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4-3200 ரேம் இருந்தால் அதையே எடுத்துப் போடலாம். ரேம் விற்கும் விலைக்கு இது பெரிய மிச்சம். ரைசன் செட்டின் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டுமே ஏறும், பழையது உதவாது.

ஆனால் இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. அந்த போர்டில் இனிப் புதுசு எதுவும் வராது. ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்து அதே போர்டில் பெரிய பிராசசர் மாட்ட முடியும். ஐந்தாறு வருஷம் ஒரே பெட்டியை ஓட்டும் ஸ்டுடியோக்காரர் நடுவில் பிராசசர் மாற்றுவது அபூர்வம் என்பதால், இந்தக் காரணத்துக்காக மட்டும் ரைசனுக்குப் போகச் சொல்ல மாட்டோம்.

ரைசனில் ரேமை இரண்டு துண்டாகவே வாங்குங்கள். நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் 7600-இன் அதிகாரபூர்வ வேகம் 3600-க்கு இறங்கிவிடும். "அப்புறமா இன்னும் ரெண்டு சேத்துக்கலாம்" என்ற திட்டம் இங்கே எடுபடாது.

சேலத்து வெயிலும் கரண்டும்

சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும் ஊர். ஸ்டுடியோவின் முன்பக்கம் ஏசி இருக்கும், எடிட்டிங் அறை மாடியில் தகிக்கும். அறை வெப்பம் எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி சிப்பிலும் கூடும். ஐ5-14400-இன் அடிப்படைக் கணக்கு 65 வாட் என்றாலும் டர்போவில் 148 வாட் வரை இழுக்கலாம். பல பி760 போர்டுகள் அந்த வரம்பைத் திறந்தே வைத்திருக்கும். ரைசன் 7600 88 வாட்டைத் தாண்டாது. வெயில் விஷயத்தில் ரைசனுக்கு இது நேரடி அனுகூலம். ஐ5 எடுத்தால் பயாஸில் பிஎல்1-ஐ (தொடர்ந்து இழுக்கும் வரம்பு) 65, பிஎல்2-ஐ (டர்போ வரம்பு) 100 வாட் அளவில் கட்டிவிடுங்கள். எக்ஸ்போர்ட் சற்றே நீளும், சத்தமும் சூடும் நன்றாகக் குறையும்.

பெட்டியோடு வரும் கூலரை நம்ப வேண்டாம். 120 மி.மீ. ஃபேன், நாலு ஹீட் பைப் உள்ள டவர் கூலர் எந்த செட்டுக்கும் போதும். அதன் உயரம் 150 மி.மீ. அளவில் இருக்கும் என்பதால் கேபினட்டில் அதற்கு மேல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட் ஷோகேஸுக்கு அழகு, சேலத்துக்கு ஆகாது. முன்னால் வலை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவும் ஃபில்டர், காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று.

எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில்தான் பலரும் கை வைத்து மிச்சம் பிடிக்கிறார்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' பெட்டியை ஓரமாக வையுங்கள். ஐ5 செட்டுக்கு இப்போது கார்டு இல்லாவிட்டாலும் 80 பிளஸ் பிரான்ஸ் சான்று உள்ள 550 அல்லது 650 வாட் வாங்கிவிட்டால் பிறகு கார்டு சேர்க்கத் தடையில்லை. ஆர்டிஎக்ஸ் 5060-இன் கணக்கு 145 வாட்தான்.

யூபிஎஸ் கணக்கும் செட்டுக்குச் செட் மாறும். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட். மானிட்டரோடு சேர்த்து ஐ5 செட் அதில் அடங்கும். கார்டு போட்ட ரைசன் செட் முழு வேகத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் 600 விஏ திணறி அணைந்துவிடலாம், அதற்கு 1 கேவிஏ வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் மாடலாக இருக்கட்டும், பின்பக்கச் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கட்டும். மின்சாரம் அறுந்த பிறகு எஸ்எம்பிஎஸ் தாங்க வேண்டிய நேரம் முழு லோடில் ஏறக்குறைய 16 மில்லி நொடி. சாதாரண மோடில் இன்வெர்ட்டர் மாற அதைவிட நேரம் எடுக்கும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்-க்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள், எர்த் அறுந்த இடத்தில் கேபினட் உடம்பில் பாதி வோல்டேஜ் வரை ஏற்றிவிடும். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்ட பிறகு சிஸ்டத்தை வையுங்கள்.

நண்பர் ஏற்காட்டில் இருந்தால் சூட்டுக் கவலை இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் ஃபேனின் திறன் கொஞ்சம் இறங்கும், ஆனால் அங்கத்திய குளிர்ச்சி அதை ஈடுகட்டிவிடும். அங்கே பயம் இடி மின்னல், பனி ஈரம். மோடம் வரை செம்புக் கம்பி வந்தால் மழை நேரத்தில் லேன் வயரையும் பிடுங்க வேண்டும், ஃபைபர் என்றால் அந்த வழி அடைபடும். சேலத்தில் அசெம்பிள் செய்து மேலே கொண்டுபோகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துப் போகட்டும். 20 கொண்டை ஊசி வளைவில் கார்டு ஆடி ஸ்லாட்டை நெரித்துவிடும். கேபினட்டைப் படுக்க வைக்கும்போது மதர்போர்டு இருக்கும் பக்கம் கீழே வர வேண்டும், கூலரின் பாரம் அப்போது நேராக இறங்கும்.

ஸ்டோரேஜ்

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் 45 ஜிபி. இரண்டு கேமரா ஆளுக்கு நாலு மணி நேரம் ஓடினால் 360 ஜிபி. அதனால் விண்டோஸுக்கு 500 ஜிபி, ஓடும் வேலைக்குத் தனியாக 2 டிபி என்று இரண்டு என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) வையுங்கள். இரண்டாவது டிஎல்சி வகையாக இருக்க வேண்டும். மலிவான கியூஎல்சி டிரைவ் ஆரம்பத்தில் பறக்கும், அதன் கேஷ் நிரம்பிய பிறகு ஹார்டு டிஸ்க் வேகத்துக்கோ அதற்கும் கீழோ விழும். முடிந்த வேலைக்கு ஒரு ஹார்டு டிஸ்க், அதன் நகலுக்கு இன்னொன்று. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (என்விஎம்இ மாட்டும் இடம்) டிரைவ் மாட்டினால் ஹார்டு டிஸ்க் இணைக்கும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செத்துவிடும், மேனுவலைப் பாருங்கள். எச்610 போர்டு மலிவு என்று போகாததற்கும் இதுவே காரணம், பெரும்பாலானவற்றில் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான்.

எதை எடுப்பது

4:2:2 எச்.265-இல் எடுக்கிறார், கையில் பணம் இறுக்கம், பழைய டிடிஆர்4 இருக்கிறது என்றால் தயங்காமல் ஐ5 செட். அடுத்த சீசன் பணத்தில் ஆர்டிஎக்ஸ் 5060 சேர்த்தால் டீநாய்ஸ் பக்கத்துக் குறைபாடும் தீர்ந்துவிடும். கார்டு போட்ட பிறகும் பயாஸில் உள்கட்டமைப்பு கிராபிக்ஸை அணையாமல் வைத்து, பிரீமியரின் மீடியா அமைப்புகளில் இன்டெல் டீகோடிங் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே தடவையில் முழுப் பணமும் போட முடிகிறவருக்கு, ஆல்பமும் டீநாய்ஸும் அதிகம் என்றால் ரைசன் செட், ஆனால் 50 வரிசைக் கார்டோடு மட்டும். அந்தக் கார்டின் 4:2:2 திறனைப் பயன்படுத்த பிரீமியரும் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். ரைசனோடு பழைய செகண்ட் ஹேண்ட் கார்டு என்ற மூன்றாவது யோசனை இந்த வேலைக்குச் சரிப்படாது.

அசெம்பிள் செய்வதை ஆடி மாதத்துக்கு வைத்துக்கொண்டால் நல்லது. கல்யாணம் இல்லாத மாதம், ஏதாவது பாகம் மாற்ற வேண்டி வந்தாலும் பதற வேண்டாம்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைத்து பிராசசர், ரேம், கூலர் மட்டும் மாட்டி ஒருமுறை ஆன் செய்து பார்த்த பிறகே கேபினட்டில் ஏற்றுங்கள். ரேம் இரண்டு துண்டு என்றால் பிராசசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். டிடிஆர்5 போர்டு முதல்முறை ரேமைப் பழக்கும்போது சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பயந்து பவரை அணைத்தால் திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்கும். ஐ5-14400-ஐப் பழைய ஸ்டாக் பி660 போர்டில் போட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்றால் பயாஸ் பழையதாக இருக்கலாம், வாங்கும்போதே கடையில் அப்டேட் செய்து வாங்குங்கள். வேறு எஸ்எம்பிஎஸ்-இன் மாடுலர் வயரை இதில் செருகக் கூடாது. பிளக் பொருந்தினாலும் பின் வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் எரிந்துபோகும்.

பில்லை உங்கள் பெயரில் போடாமல் நண்பர் பெயரில், அவர் கைபேசி எண்ணோடு போடச் சொல்லுங்கள். அவர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் அவருடைய எண்ணும் பில்லில் வர வேண்டும், வரி வரவு எடுக்க உதவும். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். பிராசசரை சீல் பிரிக்காத பெட்டியாகவே கேட்டு வாங்குங்கள். 'ட்ரே பீஸ்' என்று தனியாகத் தருவதற்குக் கடைக்காரர் வாரண்டி மட்டும்தான், கம்பெனி வாரண்டி வராது.