பணம் கட்டி புரோகிராமிங் படிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

சொந்தமாக புரோகிராமிங் கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பின் விளம்பரத்தில் நேரலைப் பாடம், தனி வழிகாட்டி, சொந்த ப்ராஜெக்ட், முடித்ததும் வேலை என்றெல்லாம் இருந்தது. கிடைத்தது பழைய வீடியோக்கள்.

எவ்வளவு பழையவை என்பது முதல் பாடத்திலேயே தெரிந்துவிட்டது. ஆசிரியர் பிரிண்ட் என்று அடித்து, அடைப்புக்குறியே போடாமல் வாக்கியத்தை எழுதுகிறார், அவர் திரையில் ஓடுகிறது. அதையே நான் அடித்தால் சின்டாக்ஸ் எரர், அதாவது எழுதிய விதம் தவறு என்ற செய்தி. அவர் நடத்தியது பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2, என்னிடம் இருந்தது பைத்தான் 3. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுபோனது. இதாவது எரர் காட்டியது. 5-ஐ 2-ஆல் வகுத்தால் பைத்தான் 2-இல் 2 என்று வரும், பைத்தான் 3-இல் 2.5. சராசரி கணக்கிடும் பாடத்தில் எரர் எதுவும் இல்லை, ஆனால் அவர் விடை வேறு, என் விடை வேறு. புதிதாகப் படிக்கிற பிள்ளை அந்த இடத்தில் தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்ளும். என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

வழிகாட்டியிடம் கேட்டதற்கு, "வீடியோவை மறுபடி பாருங்க" என்று மட்டும் பதில் வந்தது.

அப்புறம் ப்ராஜெக்ட். ஒரு ஜிப் ஃபைலைக் கொடுத்து, பெயரை மட்டும் மாற்றி, புரோகிராம்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றச் சொன்னார்கள். அங்கே தேடிப் பார்த்தால் அதே புரோகிராம், கமெண்ட் எனும் விளக்கக் குறிப்பில் இருந்த எழுத்துப்பிழை உட்பட, வேறு வேறு மாணவர்களின் பெயரில் கிடக்கிறது. நேர்காணல் எடுப்பவருக்கும் தேடத் தெரியும். தகவலை அடுக்கி வைக்கும் முறையான டேட்டா ஸ்ட்ரக்சர், கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் முறையான அல்காரிதம் பக்கம் இவர்கள் போகவே இல்லை. வரிசைப்படுத்திய 10 லட்சம் எண்களில் ஒன்றை, பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி சர்ச் ஏன் சுமார் 20 ஒப்பீடுகளில் கண்டுபிடிக்கிறது என்பதைக்கூடச் சொல்லித் தராமல் வேலை உத்தரவாதமாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஒரு வீடியோவைத் திறந்தாலே பயன்படுத்தியதாகக் கணக்கு என்று விதிமுறையில் எங்கோ ஒரு மூலையில் போட்டிருக்கிறார்களாம்.

ஆகவே பணம் கட்டுமுன் ஒரு முழுப் பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பில் நடத்துகிறார்கள், நீங்கள் எழுதும் புரோகிராமை யார் படித்துத் திருத்துவார், எதுவரை பணம் திரும்பக் கிடைக்கும், மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி அறிமுகப் பாடமான சிஎஸ்50 இணையத்தில் இலவசம். கட்டங்களை இழுத்துப் பொருத்தி எழுதும் ஸ்க்ராட்ச்சில் ஆரம்பித்து சி, பைத்தான் என்ற மொழிகளுக்குப் போகும். அதன் பயிற்சிக் கணக்குகள் கடினம்தான், ஆனால் விடையைக் கையில் திணிக்காமல் நம்மையே எழுத வைக்கிறார்கள். அல்காரிதத்துக்கு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை வெளியிடும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் 6.006 என்ற எண்ணுள்ள பாடம் இருக்கிறது, அதுவும் இலவசம்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் விளம்பரப் பக்கத்தையும் ரசீதையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் புகார் அனுப்பிய பிறகு பார்த்தால், அவர்கள் பக்கத்தில் 'நேரலை' என்ற சொல்லையே காணவில்லை.