ஓபரா பாடகருக்கு மாதச் சம்பளமா, தனி ஒப்பந்தமா?

மாட்டுங்காவில் வளர்ந்த பெண், பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவைத் தொழிலாக்க நினைத்தால், மும்பையில் மேடை உண்டு. 1911-இல் தொடங்கிய ராயல் ஓபரா ஹவுஸ் 2016-இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் பாடகர்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் தரும் ஓபரா குழு இங்கே இல்லை. பிழைப்பு பெரும்பாலும் ஐரோப்பாவில்தான்.

ஜெர்மனியின் நகர அரங்குகள் பல, பாடகர்களை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்கின்றன. மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரே நிகழ்ச்சிப் பருவத்தில் பல வேடங்கள் கிடைக்கும். அனுபவம் மளமளவென்று சேரும். ஆனால் இன்று இசையமைப்பாளர் மொட்சார்ட்டின் ஓபரா, நாளை வேறொன்று என்று அரங்கின் தேவைக்குப் பாட வேண்டும். மைக் இல்லாமல் முழு இசைக்குழுவைத் தாண்டி ஒலிக்க வேண்டிய இளங்குரலுக்கு, குரலை வருத்தும் கனமான வேடம் சீக்கிரம் வந்தால் ஆபத்து. மறுக்கத் துணிவு வேண்டும்.

ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனித்தனியாகப் போடும் தனி ஒப்பந்தத்தில் வேடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பணமோ பெரும்பாலும் மேடையேறிய இரவுகளுக்கு மட்டுமே. வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு, அன்று மாலை தொண்டை கட்டினால் அந்த இரவின் ஊதியம் போய்விடும். முகவருக்கும் பங்கு தர வேண்டும்.

தொடக்க ஆண்டுகளுக்கு மாதச் சம்பளமே நல்லது என்பேன். பெயரும் குரலும் ஊன்றிய பிறகு தனியாகப் போகலாம்.