அப்பத்தாவின் காதைக் காணோம்: பழைய படம் புதுப்பித்துத் தரும் ஒரு ஸ்டூடியோ

எங்கள் வீட்டில் அப்பத்தாவுக்கு ஒரே ஒரு படம்தான் உண்டு. 1968இல் சாத்தூரில் அத்தை கல்யாணத்தில் எடுத்தது. ஏழு பேர் நிற்கிற குரூப் போட்டோவில் இடது ஓரமாக, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, போட்டோக்காரரைத் துளியும் நம்பாத பார்வையோடு நிற்பார். மொத்தப் படமே உள்ளங்கை அகலம்தான். அதில் அப்பத்தா முகம் சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். நடுவில் ஒரு மடிப்பு, மேல் மூலையில் கரையான் அரித்த இடம், அப்பத்தாவின் கன்னத்தில் பழுப்பாய் ஒரு புள்ளி.

விருதுநகரில் புது வீடு கட்டி முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான். ஹாலில் தன் அம்மா படம் மாட்ட வேண்டும், பெரிதாக, மாலை போடுகிற மாதிரி. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற மனிதர், எதையும் வாய் திறந்து கேட்டதில்லை. சரி என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். வாசலில் பளபளவென்று பிளக்ஸ்: ‘பழைய படம், ஏஐ மூலம் புத்தம் புதிதாக’. கடைப் பெயரைப் போடவில்லை. அங்கே இருக்கும் தம்பி நல்ல பையன், தவிர நான் சொல்லப்போகும் குறை அவர் ஒருவர் கடையில் மட்டும் இருப்பது இல்லை.

கட்டணம் இப்படி: படத்தைச் சீர்செய்ய 300 ரூபாய், கலர் சேர்த்தால் கூட 150, பன்னிரண்டுக்குப் பதினெட்டு சைஸில் பிரிண்டும் பிரேமும் 900. ‘அப்பத்தா கண் சிமிட்டிச் சிரிக்கிற மாதிரி’ பத்து செகண்ட் வீடியோ வேண்டுமென்றால் 250. வீடியோ வேண்டாம் என்றேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் குறை ஆரம்பத்திலேயே வந்தது. படத்தைக் கொடுத்ததும் தம்பி அதை மேஜையில் வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில், தன் செல்போனில் ஒரு கிளிக் அடித்தார். மேலே வெள்ளைக் கோடு பளீரென்று விழுந்திருந்தது. “அதெல்லாம் ஏஐ எடுத்துரும்க்கா” என்றார். ஓரத்தில் ஸ்கேனர் ஒன்று துணி மூடிக் கிடந்தது. அதில் போடச் சொன்னேன், அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில். முகம் சுளிக்காமல் செய்தார். நீங்கள் எந்தக் கடைக்குப் போனாலும் இதைக் கேளுங்கள். அசல் படத்தில் எவ்வளவு விஷயம் கணினிக்குள் போகிறதோ, அந்த அளவுக்கு அது தன் சொந்தச் சரக்கை எடுத்து விடுவது குறையும்.

மறுநாளே படம் தயார். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மடிப்பு போன இடம் தெரியவில்லை. கரையான் தின்ற மூலையில் பந்தல் துணியைத் தொடர்ச்சியாக இழுத்து நிரப்பியிருந்தது, ஒட்டுப்போட்ட மாதிரியே இல்லை. சேலையின் கட்டம்கூடக் கோணாமல் வந்திருந்தது. முன்பெல்லாம் இந்த வேலையைக் கையால் செய்ய ஒரு ஆள் இரண்டு நாள் உட்கார வேண்டும். 300 ரூபாய்க்கு யார் செய்வார்?

அப்புறம் முகத்தைப் பார்த்தேன்.

முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி. மொழுமொழுவென்ற கன்னம், திருத்திய புருவம், நாலு சுற்று கூடிய நிறம். உதட்டோரம் இல்லாத சிரிப்பு ஒன்று தொடங்கப் பார்க்கிறது. காதில் பொட்டு அளவுக்குத் தோடு. அப்பத்தா போட்டிருந்த பாம்படம் என்ற கனத்த காதணியைக் காணோம். பாம்படம் தொங்கிய காதையே காணோம். அப்பத்தாவின் காது தோளைத் தொடும். சின்ன வயதில் குத்தி, பஞ்சு திணித்து, குணுக்கு மாட்டி வருஷக்கணக்கில் வளர்த்த காது அது. மெஷின் அதை மேலே சுருட்டி ஏற்றி, பார்லரில் குத்தினது போலச் சின்னதாக முடித்துவிட்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “படம் நல்லா இருக்கு தாயி. யாரு இது?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். அசலையும் பக்கத்தில் வைத்த பிறகு அவர் சொன்னது இது: “அந்தப் பாம்படத்தை மூணு தடவை அடகு வச்சு, மூணு தடவை திருப்பினா. என்னை எஸ்எஸ்எல்சி முடிக்க வச்சது அது.” அரக்கு அடைத்த அந்தத் தங்கம் இப்போது எங்களிடம் இல்லை. அப்பத்தா 1976இல் இறந்தபின் பங்கு பிரித்து உருக்கியாகிவிட்டது. மிச்சம் இருந்தது படத்தில் மட்டும்தான்.

இது ஏன் நடக்கிறது என்று சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் கேட்டேன். அவன் சொன்னது எனக்குப் புரிந்த மட்டில்: அந்த முகத்தை 600இல் ஸ்கேன் செய்தால்கூடக் குறுக்கே இருநூறு புள்ளி தேறாது, அதிலும் பாதி கறையும் புகையும். மீதி முகம் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை, மெஷின் அதைக் கண்டுபிடித்துத் தருவதும் இல்லை. இதுவரை பார்த்த மற்ற முகங்களை வைத்து, ‘இந்த இடத்தில் இப்படித்தான் இருக்கும்’ என்று வரைந்துவிடுகிறது. இந்த வேலைக்குப் பேர்போன மென்பொருள்களில் ஜிஎஃப்பிகான் 2021இலும் கோட்ஃபார்மர் 2022இலும் வந்தவை. இரண்டும் முகம் படித்தது ஒரே பள்ளிக்கூடத்தில்: என்விடியா நிறுவனம் 2019இல் வெளியிட்ட 70,000 முகப் படங்கள். பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் ஜனங்கள் போட்டு வைத்திருந்த படங்களைத் திரட்டிச் செய்த தொகுப்பு அது. அதில் பாம்படம் போட்ட கிழவி எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருத்தி இருந்தாலும் எழுபதாயிரத்தில் அவள் குரல் எங்கே எடுபடப் போகிறது?

2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு மென்பொருளில் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைப் போட்டார்கள். தெளிவாக்கித் தந்த முகம் வெள்ளைக்காரருடையது. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவருக்கே அந்தக் கதி என்றால் சாத்தூர்க் கிழவி எம்மாத்திரம்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஸ்டூடியோக்காரர்கள் எந்தக் காலத்திலும் உள்ளதை உள்ளபடி காட்டியவர்கள் இல்லை. நெகட்டிவில் பென்சிலால் தேய்த்து அம்மைத் தழும்பை அழிப்பார்கள். பவுடர் அப்பி உட்கார வைப்பார்கள். அப்பா ஒரு கதை சொல்வார். அவருடைய பெரியப்பா இறந்தபோது அதுவரை ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. சவத்தைக் குளிப்பாட்டி, நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து எடுத்தார்கள். மூடிய இமைமேல் திறந்த கண்ணை ஸ்டூடியோக்காரர் பிரஷ்ஷால் வரைந்தார். வரைவதற்கு முன்னால் வீட்டுக்கு வந்து கேட்டாராம்: “ஐயாவுக்குக் கண்ணு சின்னதா, பெருசா? கொஞ்சம் சாய்ச்சுப் பார்ப்பாரா?” சித்தப்பா ஒன்று சொல்ல, பெரியம்மா அதை மறுக்க, பெரிய சண்டையே நடந்து, கடைசியில் ஊர்க் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு முடிவு செய்தார்கள். வரைந்த கண் பொய்தான். ஆனால் முகம் தெரிந்த நாலு பேரைக் கேட்டுச் செய்த பொய். என் 300 ரூபாய்க்கு என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. மெஷினுக்குக் கேட்கத் தெரியாது, சரி. தம்பி கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. படம் பளிச்சென்று வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார், முக்கால்வாசி வாடிக்கையாளர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அந்தச் சிரிப்பு வீடியோ விஷயம். கடையிலேயே மாதிரி காட்டினார். மீசை வைத்த ஒரு தாத்தா தலையைத் திருப்பி, பல் தெரியச் சிரிக்கிறார். பார்த்துவிட்டு ஒரு அம்மா அழுதார்களாம், தம்பிக்கு அதில் பெருமை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் அப்பத்தா பல் தெரியச் சிரித்து அப்பாவே பார்த்ததில்லை. 2021இல் வைஸ் என்ற அமெரிக்க ஊடகம், கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில், கொல்லப்படுவதற்கு முன் எடுத்த கைதிகளின் கறுப்பு வெள்ளைப் படங்களை, ஒருவர் கணினியில் நிறமேற்றியதாகச் சொல்லி வெளியிட்டது. அசலில் இல்லாத சிரிப்பு சில முகங்களில் இருந்தது. கம்போடிய அரசே கண்டித்த பிறகுதான் எடுத்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2023 மே 28 அன்று டெல்லியில் போராடிய மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகாட், சங்கீதா போகாட்டைப் போலீஸ் வண்டியில் ஏற்றியபோது எடுத்த படம் ஞாபகம் இருக்கிறதா? இறுகிய முகத்தோடு இருந்தவர்களுக்குச் செயலி ஒன்றால் சிரிப்பை ஒட்டி, ‘பாருங்கள், எப்படிச் சிரிக்கிறார்கள்’ என்று பரப்பினார்கள். என் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இரண்டு பேர் அனுப்பினார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அந்தத் தம்பிக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கைவேலை மட்டும் ஒன்றுதான்.

இரண்டாவது முறை போனபோது அப்பாவையும் கூட்டிப் போனேன். கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஒரு தள்ளுகோல் இருக்கிறது, 0 பக்கம் தள்ளினால் முகம் அழகாகும், 1 பக்கம் தள்ளினால் அசலுக்கு நெருங்கும் என்று அக்கா மகன் சொல்லியிருந்தான். தம்பியின் மென்பொருளிலும் அதுபோல ஒன்று இருந்தது, ‘வலிமை’ என்ற பெயரில். கடை திறந்த நாளிலிருந்து அது 100இலேயே நின்றிருக்கிறது. “குறைச்சா மங்கலா வரும்க்கா, கஸ்டமர் திட்டுவாங்க” என்றார். அப்பா அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். 80இல் ஒரு சினிமாக்காரி. 60இல் யாரோ டீச்சர். 40க்கு வந்ததும் கன்ன எலும்பு கொஞ்சம் எட்டிப் பார்த்தது. 25இல் அப்பா தம்பியின் தோளைத் தட்டி, “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார். மங்கலாகத்தான் இருந்தது. மூக்கின் ஓரம் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆனால் போட்டோக்காரரை நம்பாத அந்தப் பார்வை திரும்பி வந்துவிட்டது.

காதுக்கு மட்டும் எந்த எண்ணும் உதவவில்லை. எதில் வைத்தாலும் மெஷின் பாம்படத்தைத் தலைமுடி என்றோ சேலை மடிப்பு என்றோதான் எடுத்துக்கொண்டது. கடைசியில் தம்பி, அந்த இடத்தை மெஷின் தொடாமல் மறைத்துவிட்டு, ஸ்கேனிலிருந்து காதை அப்படியே வெட்டி வைத்து, அரை மணி நேரம் மவுஸால் கறை எடுத்தார். அப்பா சொல்லச் சொல்ல, “இது தொங்கலா தாத்தா, இல்ல நிழலா?” என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். அழகான கைவேலை. அதற்குத் தனியாகக் காசு வாங்கவும் இல்லை. இவ்வளவு தெரிந்த பையன் ஏன் பிளக்ஸில் தன் பெயரைப் போடாமல் ஏஐ பெயரைப் போட்டிருக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம்தான்.

கலர் சேர்க்கவில்லை. சேலை என்ன நிறம் என்று அப்பாவும் அத்தையும் போனில் வாதாடினார்கள், அரக்கா மாம்பழமா என்று. முடிவாகவில்லை. மெஷின் நீலம் என்றது.

இன்னொரு குறை. இது பெரியது. வேலை நடந்துகொண்டிருந்த வாரத்தில் சித்தி மகள் கூப்பிட்டு, “உங்க அப்பத்தா ஸ்டேட்டஸ்ல வந்திருக்காங்களே” என்றாள். கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘முன் – பின்’ என்று அப்பத்தாவையும் அந்த முப்பத்தைந்து வயதுக்காரியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார். எங்களைக் கேட்கவில்லை. சொன்னதும் அழித்தார், மன்னிப்பும் கேட்டார். சீர்செய்வதற்காக அவர் படத்தை ஏற்றியது ஒரு வெளிநாட்டு இணையதளத்தில், அங்கே அது என்ன ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். பதில் நேர்மையானது, ஆனால் படம் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. இறந்தவர் படம் என்று அசட்டையாக இருந்துவிட்டேன்.

பிரேமின் பின்பக்கம் நானே எழுதினேன்: ‘அசல் 1968, சாத்தூர். முகம் கணினியில் சீர்செய்தது. காது அசல்.’ 2023இல் வந்த லைக்கா எம்11-பி என்ற கேமரா, படம் எடுக்கும்போதே அது எங்கிருந்து வந்தது என்ற சான்றைப் படத்துக்குள் பதித்துவிடுகிறதாம். அதன் விலை பல லட்சம். எனக்கு ஆன செலவு ஒரு பால்பாயின்ட் பேனா.

மதிப்பெண்: கறை, மடிப்பு, கிழிசலுக்கு ஐந்துக்கு ஐந்து. மெஷின் செய்த முகத்துக்கு ஒன்று, தம்பி கையால் செய்ததற்கு நாலரை. ஸ்டேட்டஸ் விஷயத்துக்காக மொத்தத்தில் ஒன்று குறைக்கிறேன். போவதென்றால் அந்த முகத்தை நேரில் பார்த்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், காலை பத்தரைக்குள் போங்கள், அப்புறம் பாஸ்போர்ட் சைஸ் கூட்டம் வந்துவிடும். அசலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கன்னத்துப் புள்ளியை மெஷின் முதல் தடவையே துடைத்துவிட்டது. அது கறை என்கிறார் அப்பா. மச்சம் என்கிறார் அத்தை, சத்தியம் பண்ணுகிறார். இருக்கட்டும் என்று திரும்ப வைக்கச் சொல்லிவிட்டோம்.

செவ்வாய்க்கிழமை கடை விடுமுறை.