டஸ்ட் மைட் ஆஸ்துமாவுக்கு அலர்ஜி தடுப்பு மருந்து: ஊசியா, நாக்கடி மருந்தா?

ஆஸ்துமாவைக் கிளப்புவது வீட்டுத்தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியான டஸ்ட் மைட்தான் என்று தோல் பரிசோதனையிலோ, ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனையிலோ உறுதியான பிறகே இந்தக் கேள்வி எழும். 1911-இல் லண்டனில் லெனர்ட் நூன் புல் மகரந்தச் சாறை ஊசியாகப் போட்டுக் காட்டிய வழிதான் இன்றும்: ஒவ்வாத பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குவது. இன்ஹேலரை நிறுத்திவிட்டு இதை எடுப்பதல்ல. இரண்டும் சேர்ந்தே போகும்.

நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் நாக்கடி மருந்தின் வசதி சொல்லாமலே புரியும். முதல் மாத்திரையை மருத்துவர் முன் போட்டு அரை மணி நேரம் இருந்தால் போதும், மீதி வீட்டில். ஒரு நிமிடம் விழுங்கக் கூடாது, ஐந்து நிமிடம் எதுவும் சாப்பிடக் கூடாது. வாயும் காதும் அரிக்கும். பெரும்பாலும் தானே அடங்கும். பல் பிடுங்கினால் புண் ஆறும்வரை நிறுத்த வேண்டும். 2016-இல் வெளியான 834 பேர் ஆய்வில், இன்ஹேலர் அளவைக் குறைத்தபோது வரும் ஆஸ்துமா தாக்குதல்களை மைட் மாத்திரை குறைத்தது.

ஆனாலும் என் சாய்வு ஊசிப் பக்கம்தான். எந்த வடிவமானாலும் குறைந்தது மூன்று ஆண்டு விடாமல் எடுத்தால்தான் நிறுத்திய பின்னும் பலன் நிற்கும். நெதர்லாந்தில் 6,486 அலர்ஜி நோயாளிகளின் மருந்துக்கடைப் பதிவுகளை அலசியபோது, மூன்று ஆண்டைத் தொட்டவர்கள் ஊசியில் 23 சதவீதம், நாக்கடியில் 7 சதவீதம். ஊசியிலும் பெரும்பாலோர் பாதியில் விட்டவர்களே. ஆனால் மாதம் ஒருமுறை வரவேண்டிய ஆள் வரவில்லை என்றால் கிளினிக்குக்குத் தெரியும். தினமும் வீட்டில் போடும் மாத்திரை நின்றுபோனால் கேட்க ஆளில்லை. மூச்சிரைப்பு இல்லாத மாதங்களில்தான் அது முதலில் மறக்கும்.

ஊசிக்குக் கட்டுப்பாடு அதிகம். மேற்கையின் வெளிப்புறத்தில் தோலுக்கடியில் வாராவாரம் அளவைக் கூட்டி, உச்ச அளவை எட்டியதும் நான்கு வாரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் பீக் ஃப்ளோ (மூச்சை ஊதும் வேகம்) பார்த்தே போட வேண்டும். வீசிங் இருந்தால் அன்று கிடையாது. நடுவே இடைவெளி விழுந்தால் பழைய அளவையே போடக் கூடாது, குறைத்துத் தொடங்க வேண்டும். புதுக் குப்பி திறக்கும்போதும் அப்படியே, ஏனென்றால் பழைய குப்பியின் வீரியம் நாளாக ஆகக் குறைந்திருக்கும். போட்ட பின் 30 நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும்.

பிரிட்டனில் 1986-இல் ஊசிக்குக் கடும் கட்டுப்பாடு வந்ததே 26 மரணங்களால். எந்த நோய்க்காக ஊசி போடப்பட்டது என்று தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமாக்காரர்கள். அதனால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கும், எஃப்இவி1 (முதல் ஒரு நொடியில் பலமாக ஊதி வெளியேற்றும் காற்று) எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே உள்ளவருக்கும் ஊசி வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமை எதிர்வினை வந்தால், அதை அடக்கப் போடும் அட்ரினலின் அவருக்குச் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

ஆஸ்துமாவில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. பலனில் எது மேல் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. தொடர்ந்து எடுக்க வைப்பது எது என்பதில்தான் என் வாதம். ஊசி போடும் இடத்தில் அட்ரினலினும் அதைத் தொடையில் உடனே போடத் தெரிந்தவரும் இல்லையென்றால் நாக்கடி மருந்தையே எடுங்கள்.