கன்னியாகுமரிக் காட்டில் புலி உண்டு, சஃபாரி இல்லை

விடுமுறைக்கு ஊர் வரும் கல்ஃப்காரர்களுக்கென்றே வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது: 'கன்னியாகுமரி புலி சஃபாரி. ஜீப், வழிகாட்டி, மதியச் சாப்பாடு உட்பட.' மஸ்கட்டில் இருக்கும்போதே எங்களுக்கும் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு விடவே இல்லை. சரி என்று முன்பணம் அனுப்பினோம்.

நாகர்கோவிலில் வந்து விசாரித்தால் கதை வேறு. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கேரளத்தின் நெய்யாறு சரணாலயம், எல்லாம் ஒரே மலைத்தொடர். புலிக்கு மாவட்ட எல்லையும் தெரியாது, மாநில எல்லையும் தெரியாது. அதனால் இங்கே புலி இருக்கிறது, சிறுத்தையும் இருக்கிறது. ஆனால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்ப் புலி காட்டும் ஏற்பாடு எதுவும் கிடையாது. பணம் வாங்கிய ஆளை அழைத்துக் கேட்டேன். "சார், காட்டுக்குள்ள போறதுதான் சார் சஃபாரி. புலி வந்தா உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

அவரை விட்டுவிட்டு, மச்சானுக்குத் தெரிந்த டாக்சிக்காரரை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் இருக்கும் காளிகேசத்துக்குக் கிளம்பினோம். பூதப்பாண்டி, திட்டுவிளை, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று வழி. தடிக்காரன்கோணம் தாண்டியதுமே காற்று மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் ரப்பர், பால்வெட்டு முடிந்த மரங்களில் தொங்கும் சிரட்டைகள். சோதனைச் சாவடியில் வண்டி எண்ணையும் ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டார்கள். கட்டணத்துக்கு ரசீது கொடுத்தார்கள். பிளாஸ்டிக் பைகளை எடுத்து வைத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பேச்சில் அதட்டல் இல்லை. அங்கிருந்த அரசு ஊழியர் ஒருவர் என் மகனிடம் "தம்பி, பாறை வழுக்கும், செருப்பைக் கழற்றிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியதை என் மனைவி இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

காளி கோயில், ஆறு, பாறை, குளிர்ந்த தண்ணீர். புலியின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. மலையணில் ஒன்று மட்டும் கிளைக்குக் கிளை தாவிப் போனது. மகனுக்கு முகம் தொங்கிவிட்டது. டாக்சிக்கார அண்ணன்தான் அவனைத் தேற்றினார்: "மக்கா, நீ அதப் பாக்கல. அது உன்னப் பாத்திருக்கும்."

அடுத்த நாள் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை. 1906-இல் திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் கட்டி முடித்த அணை. கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. புலியைப் பற்றி உருப்படியாக ஏதாவது கேட்டேன் என்றால் அது அணைக்குப் பக்கத்துச் சாயாக்கடையில்தான். 2023-இல் சிற்றாறு பக்கம் ரப்பர் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரு புலி ஆடு மாடுகளை அடித்தது. கேமரா வைத்து, கூண்டு வைத்து, ட்ரோன் விட்டு, கடைசியில் பிடித்தார்கள். "விடியுமுன்ன நெத்தியில லைட்டக் கட்டிட்டு வெட்டுக்குப் போறவங்க நாங்க. அப்ப வெளிச்சம் வராம ஒருத்தனும் தோட்டத்துல கால் வைக்கல்ல. வெயில் ஏறினா பால் குறையும், கூலியும் குறையும்" என்றார் ஒரு பால்வெட்டுக்காரர். அதே வருடம் ஜூன் மாதம் தேனிப் பக்கம் பிடித்த அரிக்கொம்பன் யானையை மேல்கோதையாறு காட்டில் கொண்டுவந்து விட்டதையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தார்கள். எங்களைப் போன்றவர்கள் பார்க்க ஆசைப்பட்டுக் காசு கொடுக்கிற மிருகம், இவர்கள் பார்க்கவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற மிருகம். மகன் அதன்பிறகு சஃபாரியைப் பற்றிக் கேட்கவில்லை, கூண்டு எவ்வளவு பெரிது என்றுதான் கேட்டான்.

மலைப் பழங்குடிகளான காணிக்காரர் குடியிருப்புகளுக்குப் போகும் அரசுப் பேருந்தை அங்கே பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள், அரிசி மூட்டை, கோழி எல்லாம் ஏறியது. என்னைக் கேட்டால் அந்த மலையில் உருப்படியான சேவை அதுதான். அதற்கு யாரும் விளம்பரம் அனுப்புவதில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. ஆற்றில் வெள்ளம் வந்தால் காளிகேசத்தில் உள்ளே விடமாட்டார்கள், கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், கையில் கொஞ்சம் சில்லறை இருக்கட்டும். தின்பதற்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மலையடிவாரத்திலேயே கிடைக்கும். புலி இருக்கும் காட்டில் முறையாக வண்டியில் போய்ச் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதுமலைக்குப் போங்கள், அங்கே வனத்துறையே வண்டி விடுகிறது. அங்கும் புலிக்கு உத்தரவாதம் கிடையாது.

முன்பணத்தில் பாதி ஜிபேயில் திரும்பி வந்தது. மீதிக்கு "அடுத்த லீவுக்கு வரும்போது கழிச்சுக்கலாம் சார்" என்று பதில் வந்திருக்கிறது.