சிங்கிள் எட்ஜ் பிளேடுகள்: எதை வாங்குவது, எப்படிப் பத்திரப்படுத்துவது

ஒரு பக்கம் மட்டும் கூர் முனை உள்ள பிளேடைப் போடும் சிங்கிள் எட்ஜ் ரேசரை வாங்க நினைக்கும் பலர் முதலில் பார்ப்பது கைப்பிடியை. பித்தளையா ஸ்டீலா, எடை எவ்வளவு, பிடிமானம் எப்படி என்று. நான் சொல்வது இதற்கு நேர் எதிர். முதலில் பிளேடை முடிவு செய்யுங்கள், அப்புறம் அதற்குப் பொருந்தும் ரேசரைத் தேடுங்கள். பிளேடின் இரு பக்கமும் கூர் முனை உள்ள டபுள் எட்ஜ் ரேசரில் இந்தக் கவலை கிடையாது. எந்த நிறுவனத்தின் பிளேடும் எந்த ரேசரிலும் உட்கார்ந்துவிடும், செய்யும் ஆலைகளும் ஏராளம். சிங்கிள் எட்ஜ் அப்படியில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத நான்கைந்து வடிவங்களுக்கு அது பொதுப்பெயர். ரேசர் ஒரு தடவை வாங்குவது. பிளேடு காலமெல்லாம் கிடைத்தாக வேண்டும்.

முதலில் ஜெம் வகை. இவற்றில் பழமையானது இதுதான். காம்ப்ஃபே சகோதரர்கள் 1880-இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்பு ரேசரில் தொடங்கிய அமெரிக்க மரபில் வருவது. ஜெம், எவர்ரெடி என்ற பெயர்களில் வந்த பழைய ரேசர்கள் எல்லாம் இந்தப் பிளேடைத்தான் கேட்கும். பிளேடின் முதுகில் ஓர் உலோகப் பட்டையை மடித்து அழுத்தியிருப்பார்கள். ரேசருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அந்த முதுகைத்தான் முன்னால் தள்ளி, பிளேடை அசையாமல் நிறுத்துகிறது. தடிமன் சுமார் 0.23 மில்லிமீட்டர். டபுள் எட்ஜ் பிளேடு 0.1 மில்லிமீட்டர்தான், அதனால் அதை வளைத்து இறுக்கியே விறைப்பு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜெம் பிளேடு வளையவே வளையாது. முரட்டுத் தாடிக்காரர்கள் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இந்த விறைப்புதான்.

இந்த வகையில் ஒரு பொறி உண்டு. பெயிண்ட் சுரண்டவும் கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கவும் விற்கும் பிளேடுகள் பார்வைக்கு அச்சு அசலாக இப்படியே இருக்கும். அதே முதுகு, அதே அளவு. பல ரேசர்களில் உள்ளேயும் நுழைந்துவிடும். விலையும் குறைவு என்பதால் "ஏன் கூடாது?" என்று தோன்றும். வேண்டாம். அதன் முனை சுரண்டுவதற்காகத் தீட்டியது. தோலின்மேல் வழுக்கிச் செல்வதற்கான பாலிமர் பூச்சு அதில் கிடையாது. துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயும் முகத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஜெம் பிளேடு வாங்கும்போது பெட்டியில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: ஸ்டெயின்லெஸ் என்ற சொல், பிடிஎஃப்இ (வழுக்கும் பாலிமர்) பூச்சு என்ற குறிப்பு. ஒரே பெயரில் எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் ஸ்டீலும் வந்திருக்கிறது, ஸ்டெயின்லெஸும் வந்திருக்கிறது. நிறுவனப் பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை. உதாரணத்துக்கு, பெர்சோனா என்ற பெயரில் பிளேடுகளைச் செய்த அமெரிக்கன் சேஃப்டி ரேசர் நிறுவனத்தையே 2010-இல் எனர்ஜைசர் வாங்கியது. 2015-இல் அந்த ஷேவிங் தொழில் எட்ஜ்வெல் என்று பெயர் மாறியது. இப்படிப் பெட்டியும் பெயரும் மாறிக்கொண்டே இருக்கும் சந்தையில் உருக்கு வகையைப் பார்த்து வாங்குவதுதான் நிலையான வழி.

அடுத்தது இன்ஜெக்டர். ஜேக்கப் ஷிக் 1920-களில் கொண்டுவந்த ஏற்பாடு. இதன் அழகு பிளேடு மாற்றும் விதத்தில் இருக்கிறது. பிளேடுகள் அடுக்கிய டப்பாவின் நுனியில் ஓர் உலோக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ரேசர் தலையின் பக்கவாட்டுத் துளையில் செருகினால் உள்ளே இருக்கும் பிடி சற்றே தூக்கிக்கொடுக்கும். மேலே உள்ள பொத்தானைக் கட்டை விரலால் தள்ளினால் புதிய பிளேடு வழுக்கி உள்ளே போகும், அது தள்ளியதில் பழைய பிளேடு மறுபக்கம் வெளியே வந்து விழும். முனையை விரல் தொடவே வேண்டியதில்லை. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். தலையும் சிறியது, மூக்கின் கீழே சுலபமாகப் போகும்.

வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. சில புதிய டப்பாக்களில் அந்த உலோக நாக்கு இருக்காது, பழைய ரேசருக்கோ அது வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெட்டியில் ட்வின் என்று போட்டிருந்தால் அது இரண்டு முனைகள் சேர்ந்தது, ஒற்றை முனை ரேசருக்கானது அல்ல.

மூன்றாவது ஆர்ட்டிஸ்ட் கிளப். ஜப்பானில் சலூன்காரர்களின் மடக்குக் கத்திக்காக வந்த பிளேடு இது. பிறகு பாதுகாப்பு ரேசர் செய்பவர்களும் இதைச் சுற்றியே தலையை வடிவமைக்கத் தொடங்கினார்கள். பிளாக்லேண்ட் வெக்டர் ஓர் உதாரணம். கூர்மையில் இதற்கு இணை மற்ற வகைகளில் இல்லை என்பது என் கருத்து. ஃபெதர் என்ற ஒரு நிறுவனமே புரோ லைட், புரொஃபஷனல், புரோ சூப்பர், புரோகார்ட் என்று பல தரங்களில் தருகிறது. இவற்றில் புரோகார்டின் முனைமேல் மெல்லிய கம்பிகள் குறுக்கே ஓடும். தோல் மென்மையானவர்களும் முதன்முறை முயல்பவர்களும் அதில் தொடங்கலாம், அல்லது புரோ லைட்டில். எடுத்த எடுப்பில் புரோ சூப்பர் வாங்காதீர்கள். அது பழகிய கைக்கு.

ஃபெதர் தவிர காய் நிறுவனமும் ஷிக்கும் இதே வடிவத்தில் செய்கின்றன. நான் இந்த வகையின் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். ஓர் ஆலை நிறுத்திவிட்டாலும் இன்னொன்று இருக்கும். ஆனால் ஒரே வடிவம் என்பதால் எல்லாம் ஒரே மாதிரி ஷேவ் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. காய் பிளேடு ஃபெதரைவிடக் கொஞ்சம் அகலம். அந்த மயிரிழை வித்தியாசம் முழுவதும் ரேசருக்கு வெளியே நீட்டும் முனையில் போய்ச் சேரும். ஃபெதரில் சாதுவாக இருந்த ரேசர் காய் போட்டதும் கடிக்கத் தொடங்கினால் பிளேடு மோசம் என்று தூக்கிப் போடாதீர்கள். பிடிக்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றி, அழுத்தத்தை இன்னும் குறைத்துப் பாருங்கள்.

நான்காவது டபுள் எட்ஜ் பிளேடின் பாதி. இரண்டாக உடைத்துப் போடும் ரேசர்கள் நிறையவே உண்டு. காகித உறையைப் பிரிக்காமல், இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வருகிற மாதிரி நீளவாக்கில் மடித்தால் ‘டிக்’ என்று நடுவில் உடையும். உறையோடு உடைப்பதால் விரல் தப்பிக்கும். உடைத்தே விற்கும் பாதிகளும் சலூன் உபயோகத்துக்காகப் பெரிய பெட்டிகளில் கிடைக்கின்றன. குறை என்னவென்றால் அதே 0.1 மில்லிமீட்டர் மெலிவு. ரேசரின் பிடி முனைக்கு வெகு அருகில் வராவிட்டால் பிளேடு அதிரும், அதிர்ந்தால் எரிச்சல். ஆனால் கிடைக்குமா என்ற கவலை இதில் அறவே இல்லை.

ஒன்பிளேடு என்ற ரேசருக்கான எஃப்ஹெச்எஸ்-10 பிளேடையும் சொல்லிவிடுகிறேன். (பிலிப்ஸின் மின்சார ஒன்பிளேடு வேறு பொருள்.) ஃபெதர் செய்வது, தரத்தில் குறையில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரே ஆலையை நம்பி ஒரு ரேசர் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆக, வீட்டில் பழைய ஜெம் ரேசர் இருக்கிறது என்றால் கோட்டிங் உள்ள ஸ்டெயின்லெஸ் ஜெம் பிளேடை வாங்கி அதையே பயன்படுத்துங்கள், வேறு யோசனையே வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஆர்ட்டிஸ்ட் கிளப். கூர்மையைவிடச் சுலபம் முக்கியம் என்றால் இன்ஜெக்டர்.

சரி, எத்தனை வாங்குவது? வாரம் ஒரு பிளேடு என்றால் ஆண்டுக்கு 52. ஆர்ட்டிஸ்ட் கிளப் பிளேடுகள் பெரும்பாலும் 20 கொண்ட டப்பாவாக வரும், அப்படியானால் மூன்று டப்பாவில் ஆண்டு ஓடிவிடும். முதல் தடவை மிகச்சிறிய பொட்டலம், அதுவும் இரண்டு தரத்தில் ஒவ்வொன்று. முகத்துக்கு ஒத்துவந்ததும் இரண்டு மூன்று ஆண்டுக்கானதைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம். அதற்கு மேல் குவிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். பிளேடு கெட்டுவிடும் என்பதால் இல்லை, ரசனை மாறிவிடும் என்பதால். ரேசரை மாற்றினால் மொத்தக் கையிருப்பும் பயனில்லாமல் போகும் ஆபத்து சிங்கிள் எட்ஜில்தான் அதிகம்.

பழைய சரக்கு, அதாவது பல பத்தாண்டுகளுக்கு முன் செய்து உறை பிரிக்காமல் கிடப்பது, இன்னொரு ஆசை. ஸ்டெயின்லெஸ் பிளேடுகள் பரவலானது 1960-களில்தான். வில்கின்சன் சோர்ட் 1962-இல் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதற்கு முந்தைய பெட்டி என்றால் உள்ளே இருப்பது கார்பன் ஸ்டீல் என்றே வைத்துக்கொள்ளலாம். உறை பளபளப்பாக இருந்தாலும் முனை எப்படி இருக்கும் என்று திறக்காமல் தெரியாது. அலமாரியில் அழகுக்கு வைக்க வாங்கலாம், முகத்துக்கு வேண்டாம்.

பத்திரப்படுத்துவதற்கு வருவோம். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது உருக்கு. ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. பிளேடுக்கான ஸ்டெயின்லெஸில் சுமார் 13 சதவீதம் குரோமியம் இருக்கும். ஆனால் முனை கடினமாக நிற்க வேண்டும் என்பதற்காகக் கார்பனையும் நிறையச் சேர்க்கிறார்கள். குரோமியத்தில் ஒரு பங்கு அந்தக் கார்பனோடு கட்டுண்டு போகிறது. மிஞ்சியதுதான் துருவைத் தடுக்க. ஆகவே துருவை எதிர்ப்பதில் பிளேடு ஸ்பூனைவிட ஒரு படி கீழேதான். உப்பும் குளோரினும் கலந்த ஈரம் பட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

இருந்தாலும் பிரிக்காத ஸ்டெயின்லெஸ் பிளேடு உலர்ந்த இடத்தில் பல்லாண்டு அப்படியே இருக்கும். அதற்குத் தேவை ஒரே ஒரு முடிவு: கையிருப்பைக் குளியலறையில் வைக்காதீர்கள். வெந்நீர் ஆவி பரவி, பிறகு அறை குளிரும்போது, குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரம் படிகிறது. மெழுகுத்தாள் உறைக்கும் பிளேடுக்கும் இடையில் புகுந்த ஈரம் லேசில் காயாது. மாதக்கணக்கில் அப்படிக் கிடந்த கார்பன் பிளேடின் உறையைப் பிரித்தால், தாளின் மடிப்பு எங்கே தொட்டதோ அந்தக் கோட்டிலேயே பழுப்புப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். படுக்கையறை அலமாரி போதும். ஃப்ரிட்ஜ் வேண்டாம். குளிரிலிருந்து வெளியே எடுத்த கணத்தில் அதே ஈரப்படிவு நடக்கும். ஓக் மரப்பெட்டி பார்க்க அழகு, ஆனால் அந்த மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவி மூடிய இடத்தில் உலோகத்தைப் பதம் பார்க்கும். சாதாரண காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பாவே மேல்.

சிலிக்கா ஜெல்லா, எண்ணெயா? ஸ்டெயின்லெஸுக்கு ஜெல் போதும், எண்ணெய் தேவையே இல்லை. கார்பனுக்கு இரண்டும் வேண்டும். ஜெல்லில் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சு மணிகள் கரும்பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது என்று பொருள், சூடுபடுத்தி உலர்த்தினால் மறுபடி பயன்படும். நிறம் மாறாத பொட்டலத்தை டப்பாவில் போட்டுவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடுவதில் பயன் கிடையாது. டப்பாவைத் தினமும் திறந்தாலும் ஜெல் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அன்றாட உபயோகத்துக்கு நாலைந்து பிளேடை வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை மூடியே வைத்திருங்கள். எண்ணெய் என்றால் மினரல் ஆயில் மட்டும். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும். தடவியதை ஷேவிங்குக்கு முன் வெந்நீரில் அலசினால் போதும், துணியால் துடைக்காதீர்கள். துடைத்தால் முனையும் கெடும், பூச்சும் போகும்.

ஆலையின் டப்பாவிலிருந்து எடுத்து வேறு அழகான டப்பாவுக்கு மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆர்ட்டிஸ்ட் கிளப் டப்பா பிளேடுகளின் முனை ஒன்றையொன்று தொடாதபடி அமைந்தது. இன்ஜெக்டர் டப்பாவின் வாயில் மட்டும் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் ஈரக்காற்று போகாது.

ரேசரில் இருக்கும் பிளேடைப் பற்றி நிறைய வாதம் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் கழற்றி உலர்த்தினால் இரட்டிப்பு நாள் வரும் என்பது ஒரு கட்சி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தன்னைவிட 50 மடங்கு மென்மையான மயிர் எப்படி ஸ்டீல் முனையைக் கெடுக்கிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முனை மெல்ல மெல்ல உருண்டு மழுங்குவதைவிட, வெட்டும்போது மயிர் வளைகிற இடத்தில், உருக்கின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளியில், சிறு சில்லுகளாகப் பெயர்வதைக் கண்டார்கள். அப்படியென்றால் ஸ்டெயின்லெஸில் உலர்த்துவதால் கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான். மயிரை நன்றாக ஊறவைத்து மென்மையாக்குவதில்தான் பிளேடின் ஆயுள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ரேசரை உதறி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், கழற்ற வேண்டாம். ஜெம் ரேசரில் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் முனை எங்காவது இடிபடும் வாய்ப்புதான் கூடுகிறது. கார்பன் பிளேடு மட்டும் விதிவிலக்கு. அதை ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் நீர் விலகி, அதுவும் சட்டென்று ஆவியாகிவிடும்.

முடிந்துபோன பிளேடை எங்கே போடுவது என்பதையும் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் டப்பாவில் பழைய பிளேடு போடத் தனித் துளை உண்டு. ஜெம்முக்கு அப்படி எதுவும் கிடையாது. மூடி இறுகிய ஒரு தகர டப்பாவில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறல் போட்டு வைத்தால் பல ஆண்டுகளுக்கு வரும். நிறைந்ததும் கீறலை டேப்பால் நன்றாக ஒட்டிவிட்டு, உலோகக் கழிவாக எடுப்பார்களா என்று உங்கள் பகுதியில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். பாதியாக உடைத்தவற்றில் பயன்படுத்திய பாதியை மறுபாதி இருக்கும் உறையிலேயே திரும்ப வைக்காதீர்கள். அடுத்த முறை எடுக்கும்போது எது புதியது என்று கண்ணால் சொல்ல முடியாது.