என் 380 வெள்ளி சிலேட்டு

உறையிலிருந்து வெளியே எடுத்ததும் அம்மா கேட்டார்: "ஏண்டா, உன் மகனே ஐபேடுல எழுதுறான். நீ இந்த வயசுல சிலேட்டு வாங்கிட்டு வந்திருக்கியே?" அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சிலேட்டு என்றே பெயர். விளம்பரங்களில் இ-இங்க் டேப்லெட் என்பார்கள். என்னுடையதில் கறுப்பு வெள்ளை மட்டும்தான் தெரியும். யூடியூப் ஓடாது, வாட்ஸ்ஆப் வராது, விளக்கும் கிடையாது. படிக்கலாம், பேனாவால் எழுதலாம், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் பழைய பொருள்கள் கைமாறும் கரோசெல் இணையத்தளத்தில் பழையதாக வாங்கினேன். விற்றவர் ஒரு பல்கலைக்கழக மாணவர். செங்காங் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் அவர் டிக்கெட் கேட்டுக்கு வெளியே, நான் உள்ளே. கார்டைத் தட்டி வெளியே போகாமலே கம்பிக்கு மேலாகக் கை மாறியது. வாங்கிப் பதினோரு மாதமாகிறது. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. மாடல் பழையது, அதோடு நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை 10.3 அங்குலத்தில் வரும் எந்தச் சிலேட்டுக்கும் பொருந்தும்.

எதற்கு வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். தேசியக் கல்விக் கழகத்தில் பகுதிநேர முதுகலைப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. மனைவி தாதி, ஷிஃப்ட் வேலை. மகன் தொடக்கநிலை நான்கு, மகள் பாலர் பள்ளி. வீடு பொங்கோலில், படிக்கும் இடமோ தீவின் மறுகோடியில். வகுப்புள்ள நாள்களில் பொங்கோலில் ஏறி, ஊட்ரம் பார்க்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, பூன் லேயில் இறங்கி, 179 அல்லது 199 பேருந்தைப் பிடித்தால் உள்ளே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். திரும்பி வரவும் அதே அளவு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் ஆறு மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் கழிகிறது.

முதல் பருவத்தில் அந்த ஆறு மணி நேரத்தையும் கைப்பேசி தின்றது. கட்டுரை ஒன்றைத் திறப்பேன். இரண்டாவது பத்தியிலேயே ஒரு பெற்றோரிடமிருந்து செய்தி வரும். பதில் போடுவேன். அப்புறம் இணைப்பாட நடவடிக்கைக் குழுவில் ஏதோ ஒன்று. ஊட்ரம் பார்க் வந்துவிடும். கட்டுரைகளைத் தாளில் அச்சடித்தும் பார்த்தேன். ஒரு பாடத்துக்கு மட்டும் இரண்டு கோப்புகள் நிரம்பின. மனைவி அவற்றைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எடுத்து அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். அங்கிருந்து ஒன்று காணாமல் போனது. பல வாரம் கழித்து, அதன் பின்பக்கத்தில் மகள் வரைந்த பூனை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தெரிந்தது.

ரயிலுக்கு இந்தச் சிலேட்டு பிரமாதம். இதைத் தயங்காமல் சொல்வேன். ஊதா நிறத் தடம் முழுக்கச் சுரங்கம், பெட்டியின் விளக்கே போதும். மேற்கே போகும் பச்சைத் தடத்தில் தியோங் பாருவைத் தாண்டி ரெட்ஹில்லுக்கு வரும்போது ரயில் மண்ணுக்கு மேலே ஏறும். மாலை ஐந்து மணி வெயில் அப்படியே முகத்தில் அடிக்கும். எதிரே இருப்பவர்கள் எல்லோரும் கைப்பேசியை மார்போடு சாய்த்துக் கையால் நிழல் கட்டுவார்கள். என் சிலேட்டோ அந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். திரைக்குள் தலைமுடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள், எதிரெதிர் மின்னேற்றத்துடன். மின்புலத்தை மாற்றினால் ஒரு வகை மேலே வரும், மற்றது கீழே போகும். எழுத்து என்று நாம் பார்ப்பது அந்தத் துகள்களைத்தான். தாளைப் போலவே வெளிச்சம் அதன் மேல் பட்டுத் திரும்புகிறது. பக்கத்தைத் திருப்பும்போது மட்டும் மின்சாரம் வேண்டும் என்பதால் எனக்கு ஒரு சார்ஜ் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்குகிறது.

அதே காரணத்தால்தான் அது மந்தமும்கூட. துகள்கள் நகர நேரம் எடுக்கும். பக்கம் மாறும்போது ஒரு கண்சிமிட்டல், சில நேரம் முந்தைய பக்கத்தின் சாயல் ஆவிபோல் பின்னால் நிற்கும். நாவலை வரிசையாகப் படிப்பவருக்கு இது பொருட்டே இல்லை. ஆய்வுக் கட்டுரையை யாரும் வரிசையாகப் படிப்பதில்லை. பக்கம் 4இல் ஒரு வாதம், அதன் அட்டவணை பக்கம் 11இல், மேற்கோள் பட்டியல் கடைசியில். தாளில் மூன்று விரல்களை மூன்று பக்கங்களில் செருகி வைத்துக்கொள்வோமே, அந்த வசதி இதில் இல்லை.

வீட்டில் நிலைமை வேறு. மகளைத் தூங்க வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துப் படிக்கலாம் என்றுதான் கனவு கண்டேன். விளக்கில்லாத திரை அங்கே காலை வாரியது. ஐக்கியாவில் வாங்கிய சின்ன விளக்கைக் கட்டிலில் மாட்டினேன், அவள் விழித்துக்கொண்டாள். இப்போது சமையலறை மேசைதான், இரவு பத்தரைக்கு மேல். மனைவிக்கு இரவு ஷிஃப்ட் என்றால் அதுவும் இல்லை. குழந்தைகள் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது விளக்குள்ள மாடலை வாங்குங்கள்.

இனி திரையின் அளவு. இதைப் பற்றித்தான் விலாவாரியாக எழுத வேண்டும், ஏனென்றால் கணித ஆசிரியனான நானே ஏமாந்தது இதில்தான். "10.3 அங்குலம்" என்று படித்ததும் ஏ4 தாளுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. முதல் கட்டுரையைத் திறந்ததும் அடிக்குறிப்புகள் எறும்பு வரிசை மாதிரி தெரிந்தன. சமன்பாடுகளில் மேலே ஏறி நிற்கும் அடுக்குக்குறிகள் தூசியா எண்ணா என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று நினைத்தேன். பிறகுதான் அதை அப்படியே உயர்நிலை இரண்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். பைதாகரஸ் தேற்றத்தை முடித்து வடிவொப்புமையைத் தொடங்கியிருந்த நேரம். வகுப்புச் செயல்திட்டம் ஒன்றும் தர வேண்டியிருந்தது, என் முதுகலைப் பாடத்துக்கும் ஒரு கற்பித்தல் பணியை வடிவமைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

கேள்வி எளிதானது: சார் வாங்கிய சிலேட்டில் ஓர் ஏ4 பக்கம் எவ்வளவு சுருங்கித் தெரியும்? திரையின் பக்கங்கள் 4க்கு 3 என்ற விகிதத்தில் இருக்கின்றன. அப்படியென்றால் மூலைவிட்டம் 5 பங்கு. 10.3ஐ ஐந்தால் வகுத்தால் ஒரு பங்கு 2.06 அங்குலம். மில்லிமீட்டருக்கு மாற்றினால் அகலம் 157, உயரம் 209. ஏ4 தாளோ 210க்கு 297. உயரத்துக்கு உயரம் வகுத்தால் 0.70. அதாவது 10 புள்ளி எழுத்து 7 புள்ளியாகத் தெரியும். எறும்பு வரிசைக்கு அதுதான் காரணம், என் கண் இல்லை.

ஒரு குழு ஏ5 தாளைத் திரையின் மேல் வைத்துப் பார்த்தது. உயரம் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது. ஏ வரிசைத் தாள்களின் பக்கங்கள் 1க்கு √2 என்ற விகிதத்தில் இருப்பதால்தான் பாதியாக மடித்தாலும் வடிவம் மாறுவதில்லை. அந்தப் பண்பை லிக்டன்பெர்க் என்ற ஜெர்மானியர் 1786லேயே ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார், ஜெர்மனி 1922இல் அதைத் தாள் தரமாக்கியது. 0.70 என்று வந்த எண் 1/√2ஐ ஒட்டியது என்று நான் சொன்னபோது பின்வரிசையிலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம். ஆசிரியர் வேலையில் அப்படி ஒரு சத்தம் தவணைக்கு இரண்டு முறை கேட்டால் அதிகம்.

13.3 அங்குலச் சிலேட்டையும் கணக்குப் போட்டார்கள். 203க்கு 270. ஏ4 அதில் 91 விழுக்காடு அளவில் தெரியும். மூலைவிட்டம் மூன்று அங்குலம்தானே கூடுதல், அதற்கு ஏன் இவ்வளவு விலை என்றான் ஒருவன். நீளம் 1.29 மடங்கு, பரப்பளவு 1.67 மடங்கு. பரப்பளவு விகிதம் உண்மையில் பிந்திய பாடம். ஆனால் கேள்வி தானாக வந்த பிறகு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அதிகம் பேசாத ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், அதைப் படுக்கை வாட்டில் பிடிச்சா என்ன? அகலம் 209 ஆயிடும். ஏ4 அகலம் 210தானே."

அதற்குள் நான்கு மாதமாகக் கையில் வைத்திருந்தேன். எனக்குத் தோன்றவே இல்லை. படுக்கை வாட்டில் திருப்பினால் ஏ4 பக்கம் சுருங்காமல் தன் உண்மையான அளவிலேயே தெரிகிறது. பாதிப் பக்கத்துக்குச் சற்று அதிகம் ஒரே பார்வையில் விழுகிறது, 297இல் 157. ஒரு பக்கத்தை இரண்டு தடவையாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று மாலை ரயிலில் அப்படித்தான் படித்தேன். அடுக்குக்குறிகள் எல்லாம் எண்களாகிவிட்டன. என் பணி அறிக்கையில் இதைச் சேர்த்தேன். "ஆசிரியர் விடையறியாத கேள்வி" என்ற பகுதியில் வேறு எதையும் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

எழுதுவதைப் பொறுத்தவரை மகிழ்ச்சிதான். பேனாவுக்கு பேட்டரி கிடையாது, திரை லேசாகச் சொரசொரப்பாக இருப்பதால் பென்சிலால் தாளில் எழுதுவது போன்ற உணர்வு. நிரூபணம் எழுதிப் பார்க்கவும், நேர்காணல் பதிவுகளின் ஓரத்தில் குறிப்பு எழுதவும் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதி ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடுங்கள். ஆங்கிலத்தை ஓரளவு புரிந்துகொள்ளும், என் தமிழ்க் குறிப்புகளை ஏதோ கிறுக்கல் என்று நினைத்துக்கொள்கிறது. வர்க்கமூலக் குறியை வி என்ற ஆங்கில எழுத்தாக்கிவிட்டது.

மாணவர்களின் வேலையைத் திருத்த மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். நான் பட்டிருக்கிறேன். வரைபடப் பயிற்சி ஒன்றை ஸ்கேன் செய்து, இதில் போட்டு, ரயிலிலேயே திருத்தினேன். ஒரு மாணவி முதலில் சிவப்பில் தவறாக ஒரு கோடு போட்டு, பிறகு பச்சையில் சரியாகப் போட்டிருக்கிறாள். எனக்கு இரண்டும் ஒரே சாம்பல். இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். மறுநாள் தாளைக் காட்டினாள், "பச்சைதான் சார் என் விடை." மதிப்பெண்ணைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன். வண்ண இ-இங்க் இப்போது வருகிறது, ஆனால் அந்த நிறங்களைப் பார்த்தால் வெயிலில் கிடந்து வெளுத்த காலண்டர் ஞாபகம்தான் வருகிறது.

வீட்டில் எதிர்பாராத போட்டியும் உண்டு. தொடக்கநிலைக் கணக்குக்குப் பட்டைப் படம் வரைய மகனுக்கு இதுதான் வேண்டுமாம். ஐபேடில் வரையச் சொன்னால் பத்து நிமிடத்தில் வேறு எங்கோ போய்விடுகிறான். இதில் போவதற்கு இடமே இல்லை. பின்னம் கணக்கு ஒன்றுக்குப் பட்டையை மூன்றாகப் பிரிப்பதா ஐந்தாகப் பிரிப்பதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, சிலேட்டுன்னா சிலேட்டுதான்" என்றார். அவருக்கு வெற்றி. அன்று நான் படிக்க வேண்டியிருந்த கட்டுரை படிக்கப்படவில்லை என்பது வேறு கதை.

பழையது வாங்குபவர்கள் விற்பவரின் எதிரிலேயே நாலு காரியம் செய்யுங்கள். முதலில் பழைய கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி உங்கள் கணக்கைப் போடுங்கள். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாகக் கிறுக்கி அழித்து, சாயல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். நான்கு மூலையிலும் பேனாவை வைத்துக் கோடு இழுங்கள், மூலைகளில்தான் கோடு வழுக்கும். எழுதுமுனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, தேய்ந்திருந்தால் பேரம் பேசுங்கள். நான் கடைசியைச் செய்யவில்லை. இரண்டாம் வாரமே முனை மழுங்கி, பேனா திரையில் பிராண்டும் சத்தம் கேட்டது. சந்தா கட்டச் சொல்லி ஓர் அறிவிப்பு திரையில் எட்டிப் பார்க்கும், நான் கட்டவில்லை. கம்பி வழியாகவே கோப்புகளை ஏற்றுகிறேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

புதிதாக வாங்கும் அளவுக்குப் பணம் இருந்து, படிப்பது பெரும்பாலும் ஏ4 கட்டுரைகள் என்றால் 13.3க்குப் போங்கள். என்னைப் போல ரயிலில் நின்றுகொண்டே படிப்பவர் என்றால், ஒரு கையில் கம்பி, மறு கையில் சிலேட்டு, 10.3தான் சரி. பெரியதை ஒரு கையால் ஜூரோங் ஈஸ்ட் தாண்டும்வரை பிடிக்க முடியாது. நண்பர் ஒருவருடையதைப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

எழுதுமுனைப் பொட்டலம் ஒன்று வாங்கியதில் இன்னும் ஆறு மீதி இருக்கிறது. இதே வகைப் பேனா வைத்திருந்து, பொங்கோல் பக்கம் வருபவர்கள் யாராவது இருந்தால் இரண்டு தருகிறேன். கேட்டுக்கு வெளியே வரக்கூட வேண்டாம்.